மழையில மட்டும் மக்கர் பண்ணுன ஸ்ப்ளெண்டர்

எங்க வண்டிக்கு வெயில்ல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி நிக்கிற எடத்துல எதிர்காத்துல போனாலும் தம் பிடிச்சு போவும். அதே வண்டி தக்கலை தாண்டி மேக்க வந்து நல்ல ஒரு மழையில மாட்டுச்சுன்னா பத்து பதினஞ்சு நிமிசத்துல பட் பட்டுன்னு வெடிச்சு, இழுக்காம கெடந்து, கடைசியில யாரு வீட்டு நடையிலயாவது என்னைய கொண்டு நிறுத்திரும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழ, ஜூன் வாக்குல இடவப்பாதியில தொடங்குறது ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில ஒண்ணு. அப்பம் வருசத்துல பாதி நாளு இந்த வண்டிய வச்சு நான் என்ன செய்ய?

வண்டி 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி, அப்பா வாங்குனது. 2017 நவம்பர்ல ஒக்கி புயல் அடிச்ச மறுநாளு ரப்பர் மரம் எல்லாம் ரோட்டுக்கு குறுக்க சாஞ்சு கெடக்கும்போது, மரத்துக்கு அடியில படுக்கப்போட்டு இழுத்து எடுத்து அப்பா விளைக்கு போயிட்டு வந்த வண்டி இது, அன்னைக்கு கூட ரெண்டாவது கிக்கருக்கு ஸ்டார்ட் ஆச்சு. அப்புறம் வண்டி என் கைக்கு வந்துச்சு. வந்ததும் நமக்கு கை சும்மா இருக்குமா, காட்டுப்பாதையில ஓட்டுற ஸ்டைல்ல ஸ்க்ராம்ப்ளர் ஆக்குறேன்னு எறங்குனேன்: முன் மட்கார்ட பாதி வெட்டி மேல தூக்கியாச்சு, பின் மட்கார்டுக்கு உள்ள இருந்த பிளாஸ்டிக்க கழட்டி எறிஞ்சாச்சு, ரெண்டு சைடு பேனலும் போச்சு, ஏர் பில்டர் டப்பாவ எடுத்துட்டு கார்பரேட்டர் வாயில நேரா ஒரு கோன் பில்டர மாட்டி அதுக்கு தக்க பெட்ரோல் போற துளையான மெயின் ஜெட்ட பெருசாக்கியாச்சு, ஹேண்டில்பார் மாத்துனதால பழைய சுவிட்சு சேராம ஆன்லைன்ல ஒரு சுவிட்சு செட்டு வாங்கி அதுல செவப்பு கலர்ல இஞ்சின அணைக்கிற ஒரு கில் சுவிட்ச், முன்னால வட்டமா ஒரு எல்இடி லைட்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல இதுல பாதி வேலைக்கு எடமே கெடையாதுன்னு ஒரு போலீஸ்காரர் ரொம்ப பொறுமையா எனக்கு வெளக்குனாரு, அது வேற கத, அபராத ரசீது வீட்டுல இருக்கு.

இந்த லிஸ்ட்ட இப்பம் எழுதும்போதே பதிலு அதுக்குள்ளதான் கெடக்குன்னு எனக்கு தெரியுது. அன்னைக்கு தெரியலயே.

நான் தெனமும் திருவட்டார் பக்கம் இருந்து வேர்க்கிளம்பி, அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை வழியா நாகர்கோவிலுக்கு வேலைக்கு போறவன். ஜூன்ல மொத மழைக்கு வேர்க்கிளம்பி தாண்டுனதும் ஆக்சிலேட்டர முறுக்குனா ஏறல, விட்டு விட்டு பிடிக்குது, கொஞ்சம் கொறச்சா ஓடுது, கூட்டுனா வெடிக்குது. அழகியமண்டபம் ஏத்தத்துல அணைஞ்சே போச்சு. ஒரு கடையோட சாய்ப்பு கொட்டகைக்குள்ள தள்ளிட்டு போய் நிறுத்தி ஒரு கட்டன் சாயா குடிச்சு முடிச்சு அடிச்சு பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மறுபடி மழையில எறங்குனா மறுபடி பத்து நிமிசம். இத அப்பவே உக்காந்து யோசிச்சிருக்கணும், ஏன்னா பெட்ரோல்ல தண்ணி கெடந்தா நிறுத்தி வச்சதுக்காக அது போயிராது, இஞ்சின் சூட்டுல காயிற எடத்துல எங்கயோதான் ஈரம் ஏறுது. ஆனா நனஞ்சு நிக்கும்போது யாருக்கு யோசன வரும், வீட்டுக்கு போனா போதும்னுதான் இருக்கும்.

மொதல்ல ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் கார்பரேட்டர கழட்டி கழுவி, பிளக் மாத்தி, ஏர் ஸ்குரூவ திருப்பி, "தம்பி இனி பறக்கும்"ன்னு சொல்லி எண்ணூறு ரூவா வாங்குனாரு. பறக்கத்தான் செஞ்சுச்சு, அன்னைக்கு நல்ல வெயிலு. அவர குத்தம் சொல்ல மாட்டேன், மழையில மட்டும் வாற வியாதிய வெயில்ல கொண்டு போய் காட்டுனா டாக்டரே மாத்திரை மாத்தித்தான் எழுதுவாரு. மூணாவது நாளு மழ, வேர்க்கிளம்பி, அதே கத.

அடுத்து நானே எறங்குனேன். கார்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு டிரெயின் ஸ்குரூ உண்டு, அத லூசாக்கி கண்ணாடி குப்பியில கொஞ்சம் பெட்ரோல பிடிச்சு வச்சு பாத்தா அடியில நாலஞ்சு முத்து மாதிரி தண்ணி உருண்டுகிட்டு கெடக்கு. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! தண்ணிக்கு கனம் கூடுதல், அதனால கிண்ணத்துக்கு அடியில போய் ஜெட்டு பக்கத்துல நிக்கும், இப்பம் வாற எத்தனால் கலந்த பெட்ரோல்ல வேற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கலந்து, அளவு தாண்டுனா மொத்தமா பிரிஞ்சு அடியில எறங்கிரும். டேங்க் மூடிய பாத்தா உள்ள இருக்க ரப்பர் வாசரு அப்பளம் மாதிரி காஞ்சு வெடிச்சு கெடக்கு. வாசரு மாத்தி, டேங்க முழுசா எறக்கி, கிண்ணத்த தொடச்சு மாட்டி, வீட்டுக்காரிகிட்ட கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லி, மறுநாளு மழையில தொடச்ச துணி காயிறதுக்கு முன்ன வில்லுக்குறியில நிண்ணேன். அது ஒரு கோளாறுதான், செரி பண்ண வேண்டியதுதான், ஆனா என்னைய நிறுத்துன கோளாறு அது இல்ல. ஒரு வண்டியில ஒரே ஒரு கோளாறுதான் இருக்கும்னு நெனச்சதுலதான் எனக்கு ரெண்டு மாசம் போச்சு.

கூட்டுக்காரன் ஒருத்தன் சொன்னான், "லே, அது சிடிஐ போச்சுலே, எனக்கும் இப்பிடித்தான்." சிடிஐன்னா பிளக்குக்கு தீப்பொறிய நேரம் பாத்து அனுப்புற சின்ன டப்பா. எல்லாருக்கும் சிடிஐதான். வண்டி நிண்ணா சிடிஐ, மைலேஜ் கொறஞ்சா சிடிஐ. அவன் வண்டியில இருந்து கழட்டி எனக்கு மாட்டி மழையில ஓட்டுனோம், நிண்ணுச்சு. என்னோடத அவன் வண்டியில மாட்டுனோம், நனஞ்சுகிட்டே குலசேகரம் போயிட்டு வந்துட்டான். ஒரு ரூவா செலவு இல்லாம சிடிஐ நல்லதுன்னு தெரிஞ்சுச்சு. கூட்டுக்காரன்கிட்ட அதே மாடல் வண்டி இருந்தா சாமான் வாங்குறதுக்கு முன்ன இப்பிடி மாத்தி போட்டு பாத்துக்கிடுங்க.

அதுக்கு மேல மழைக்கு காத்திருக்க எனக்கு பொறுமை இல்ல. நாமளே மழ பெய்ய வச்சா என்ன? வீட்டுல செடிக்கு தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே குப்பி இருந்துச்சு. அதுல தண்ணி பிடிச்சு ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், ஏன்னா ரோட்டுல தெறிக்கிறது சுத்தமான தண்ணி இல்ல, சேறும் உப்பும் கலந்த தண்ணியிலதான் கறண்டு நல்லா பாயும். வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில எல்லாத்தையும் கழுவி விட்டுறணும், இல்லன்னா துரு ஏறிரும். ராத்திரி எட்டு மணிக்கு மேல சாய்ப்புக்குள்ள வண்டிய நிறுத்தி, சுத்தி இருக்க லைட்ட எல்லாம் அணச்சு, ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி, ஒரு நேரத்துல ஒரே ஒரு எடத்துல மட்டும் அடிக்கிறது, ரெண்டு நிமிசம் பாக்குறது, ஒண்ணும் இல்லன்னா தொடச்சுட்டு அடுத்த எடம். எல்லாத்துலயும் ஒண்ணா அடிச்சா எதுல நிண்ணுச்சுன்னு தெரியாது, அப்பிடி அடிக்கிறதுக்கு மழையே போதுமே.

டேங்குக்கு அடியில இருக்க இக்னிஷன் காயில்ல அடிச்சேன், ஒண்ணும் இல்ல. சிடிஐ பக்கம், ஒண்ணும் இல்ல. பிளக் வயர்ல அடிச்சதும் ஐடிலிங் லேசா ஆடுச்சு. பிளக்கு மேல மூடி மாதிரி மாட்டுற பிளக் கேப்புல அடிச்சேன் பாருங்க, இருட்டுல கேப்புக்கும் சிலிண்டர் ஹெட் தகட்டுக்கும் நடுவுல நீலமா ஒரு நூலு துள்ளி துள்ளி விளையாடுது! டிக் டிக்குன்னு சத்தம் வேற. பிளக்குக்கு உள்ள போய் வெடிக்க வேண்டிய தீப்பொறி வெளியிலயே எர்த்துக்கு சாடுது. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல வாற எடம், அதுக்கு லேசா ஈரமும் அழுக்கும் வழி காட்டுனா போதும், பிளக் வரைக்கும் போய் கஷ்டப்பட அதுக்கு என்ன தலையெழுத்தா? ஆக்சிலேட்டர முறுக்குனா இஞ்சினுக்குள்ள அழுத்தம் கூடும், பிளக் முனையில பொறி சாடுறது இன்னும் கஷ்டமாவும், அப்பம் வெளிய இருக்க சுலுவான வழியிலயே போயிரும். அதான் மெதுவா போனா ஓடுறதும் முறுக்குனா வெடிக்கிறதும். அந்த நேரத்துல கேப்ப கையால தொட்டு பாக்குறேன்னு யாரும் போயிராதீங்க, ஒருக்கா நான் தொட்டேன், கை தானா பின்னால போய் சாய்ப்பு தூண்ல இடிச்சு மறுநாளு வீங்குச்சு.

கேப்ப கழட்டி பாத்தா வயரு நொழையிற எடத்துல இருக்க வேண்டிய ரப்பரு இல்லவே இல்ல, கேப்பு மேல முடி கனத்துல ஒரு வெடிப்பு. கலரு நல்லா இருக்குன்னு நாந்தான் அத வாங்கி மாட்டியிருந்தேன். வயரும் வெறச்சு போய், உள்ள கம்பி பச்சையா கெடந்துச்சு. வயர ஒரு சென்டிமீட்டர் வெட்டி உள்ள நல்ல செம்பு தெரிஞ்சதுக்கு அப்புறம், ரெண்டு பக்கமும் ரப்பர் உள்ள நல்ல கேப்பு ஒண்ண முறுக்கி மாட்டி, ரப்பருக்கு உள்ள சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தேச்சேன். கூடவே பிளக் முனையில பொறி சாடுற இடைவெளிய ஒருக்கா பாத்தேன், மேனுவல்ல 0.6ல இருந்து 0.7 மில்லிமீட்டர், நம்மளோடது அதவிட நல்லா அகலமா இருந்துச்சு, அகலம் கூடுனா பொறி சாட வோல்ட்டேஜும் கூட வேணும், அப்பம் வெளிய தப்பிக்கவும் பாக்கும். செரி பண்ணி மறுபடி உப்புத்தண்ணி அடிச்சேன், இருட்டுல ஒரு நூலும் இல்ல. கொள்ளாம்னு நெனச்சு படுத்தேன்.

அடுத்த மழைக்கு வேர்க்கிளம்பியும் தாண்டுச்சு அழகியமண்டபமும் தாண்டுச்சு. தக்கலை போனதும் இழுவை கொறைய ஆரம்பிச்சுச்சு. ஆனா இது வேற மாதிரி, வெடிக்கல, ஆடல, பொதி சொமக்கிற மாடு மாதிரி திணறுது, சைலன்சர்ல கருப்பா பொகை. நிறுத்தி பிளக்க கழட்டுனா கரிய தேச்ச மாதிரி கருப்பு, ஈரம். பெட்ரோல் கூடுதலா போவுது, இல்லன்னா காத்து கொறச்சலா வருது. குனிஞ்சு கோன் பில்டர பாத்தா அது பில்டர் மாதிரியே இல்ல, நனச்சு வச்ச துவர்த்து மாதிரி சேறும் தண்ணியும் குடிச்சு ஊறி கெடக்கு. அத கழட்டி எறிஞ்சுட்டு அடிச்சா வண்டி சந்தோசமா ஓடுது. பில்டர் இல்லாம நாகர்கோவில் வர ஓட்டக்கூடாதுன்னு தெரியும், அன்னைக்கு ஓட்டுனேன், வேற வழி இல்ல.

அன்னைக்கு சாயங்காலம் வண்டிய சாய்ப்புல நிறுத்திட்டு நான் பில்டர பிழிஞ்சுகிட்டு நிக்கும்போது அப்பா வந்து பாத்தாரு. அப்பா நாப்பது வருசமா ரப்பர் பால் வெட்டுறவரு, வண்டி மெக்கானிசம்லாம் அவருக்கு தெரியாது. குத்த வச்சு இருந்து இஞ்சின சுத்தி டார்ச் அடிச்சு பாத்துட்டு கேட்டாரு, "மக்கா, இந்த சேறு எங்க இருந்து வந்துச்சு?"

"மழையில ஓட்டுனா சேறு வராதா அப்பா."

"மழையில சேறு கெடையாதுலே. தண்ணி மேல இருந்து வரல, கீழ இருந்து வருது."

அப்புறம் சொன்னாரு, மரத்துக்கு மழ பெய்யிறது ஒரு பிரச்சனையே இல்லயாம், தடி வழியா ஒலிச்சு, அதாவது வடிஞ்சு, வாற தண்ணி வெட்டுச் சால்ல எறங்கி பால் பிடிக்கிற சிரட்டைக்குள்ள போறதுதான் பிரச்சனையாம். அதுக்குத்தானே வெட்டுக்கு மேல தாரு மாதிரி பசைய தேச்சு பிளாஸ்டிக்க பாவாடை மாதிரி சுத்தி கட்டுறாங்க, ரெயின் கார்டுன்னு. மழைய யாரும் தடுக்கல, ஒலிச்சு வாற வழிய மட்டும் மாத்தி விடுறாங்க. "நீ வண்டி பூரா தண்ணி அடிச்சு பாத்தியே, தண்ணி எந்த வழியா வருதுன்னு பாத்தியா?"

பாக்கல. நான் சாய்ப்புக்குள்ள நிறுத்தி மேல இருந்து குப்பியால அடிச்சேன், ரோட்டுலயோ டயரு கீழ இருந்து வாரி அடிக்குது. ஸ்ப்ளெண்டர் இஞ்சின பாத்திருப்பீங்க, சிலிண்டர் நெட்டக்குத்தல் கெடையாது, முன்னால படுத்த மாதிரி இருக்கும், ஹெட்டு முன் டயருக்கு நேர பின்னால. முன் மட்கார்டு நுனியும் அதுல தொங்குற பிளாப்பும் எதுக்கு இருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. அத வெட்டுனதுல முன் டயரு தெறிக்கிறது நேரா பிளக் கேப்புக்கு. பின் மட்கார்டு உள் பிளாஸ்டிக்க எடுத்ததுல பின் டயரு தெறிக்கிறது நேரா கோன் பில்டருக்கு, சைடு பேனல் வேற இல்ல. பழைய ஏர் பில்டர் டப்பா காத்து எடுக்குற வாயி எங்க இருக்கும்னு யோசிச்சா, மேல சீட்டுக்கு அடியில தண்ணி எட்டாத எடமா பாத்து வச்சிருப்பான். கம்பெனிக்காரன் அசிங்கமா ஒரு டப்பாவ வச்சிருக்கான்னு நெனச்சுத்தானே நான் எறிஞ்சேன்.

டப்பாவ தேடி மார்த்தாண்டத்துல பழைய சாமான் விக்கிற ரெண்டு ஆக்கர் கடை ஏறி எறங்குனேன். ரெண்டாவது கடையில ஒரு குவியலுக்கு அடியில நல்ல ஒண்ணு கெடச்சுச்சு, ரப்பர் குழாயோட சேத்து எரநூத்தி அம்பது. மாட்ட போனா பிரேம்ல அதுக்கு உள்ள காதுங்கள கிரைண்டர் வச்சு தேச்சு எடுத்திருக்கேன்! வெல்டிங் கடையில ரெண்டு பட்டை வச்சு ஒட்டி வாங்குனேன். வெல்டிங் வைக்கும்போது பாட்டரிய கழட்டணும், சிடிஐ சாக்கெட்டையும் உருவி வச்சிரணும், மறந்தா நல்லா இருக்க சிடிஐக்கும் சங்குதான். டப்பா மாட்டியாச்சுன்னா மெயின் ஜெட்ட பழைய நம்பருக்கே மாத்தணும், அத விட்டுட்டா கோன் பில்டருக்குன்னு போட்ட பெரிய ஜெட்டுல வெயில்லயும் கருப்பு பொகைதான் வரும். நல்ல வேளை பழைய ஜெட்ட தீப்பெட்டியில போட்டு வச்சிருந்தேன்.

முன்னால புது மட்கார்டு வாங்க எனக்கு மனசு வரல, ஸ்டைலும் வேணும்லா. அப்பா ரெயின் கார்டு ரோல்ல இருந்து ஒரு தட்டு வெட்டுனேன், அது ரொம்ப லேசு, காத்துல படபடன்னு அடிச்சு கிழிஞ்சுச்சு. அப்புறம் பழைய லாரி டியூப வெட்டி மட்கார்டு நுனியில ரெண்டு போல்ட்டு போட்டு கீழ தொங்க விட்டேன். பாக்க கருப்பா ஒரு நாக்கு மாதிரி இருக்கு, அழகுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஹெட்டுல இப்பம் சேறு தெறிக்கல. பின்னால பழைய மாதிரி உள் பிளாஸ்டிக்கே ஆக்கர் கடையில வாங்கி போட்டுட்டேன்.

முடிஞ்சுதான்னு கேட்டா இல்ல. செப்டம்பர் கடைசியில சுங்கான்கடை எறக்கத்துல நல்ல வேகத்துல வாறேன், மழ அவ்வளவு பெருசு கூட இல்ல, சாவிய ஆஃப் பண்ணுன மாதிரி டக்குன்னு செத்துச்சு. வெடிக்கல, திணறல, ஒரே வெட்டு. உருண்டுகிட்டே வரும்போது தானா மறுபடி பிடிச்சுச்சு, ரெண்டு செகண்டுல மறுபடி செத்துச்சு. பின்னால பஸ்ஸு. எனக்கு வயித்துல புளி கரைச்சுச்சு. ஓரமா நிறுத்தி நிக்கும்போது இந்த "சாவிய ஆஃப் பண்ணுன மாதிரி"ங்கிறதுதான் மண்டைக்குள்ள சுத்திகிட்டே இருந்துச்சு. மொத கோளாறு ஆடி ஆடி நிண்ணுச்சு, ரெண்டாவது மூச்சு முட்டி நிண்ணுச்சு, இது சுவிட்சு போட்ட மாதிரி நிக்குது. அப்பம் சுவிட்ச பாக்கணும்லா?

இந்த பழைய ஸ்ப்ளெண்டர்ல உள்ளது ஏசி சிடிஐ. பாட்டரிய கழட்டி வச்சுட்டு கிக்கர அடிச்சாலும் ஸ்டார்ட் ஆகும், ஏன்னா இஞ்சின் சுத்தும்போது கறண்டு உண்டாக்குற மேக்னட்டுக்கு உள்ள எக்சைட்டர் காயில்னு ஒண்ணு தனியா இருந்து சிடிஐக்கு நேரா கறண்டு குடுக்கும். இஞ்சின அணைக்கிறதுக்கு சாவி என்ன செய்யும்னா கறண்ட துண்டிக்காது, அந்த லைன எர்த்துல முட்ட வச்சிரும், கறண்டு பூரா எர்த்துக்கு போவும், சிடிஐ பட்டினி. அந்த வயரு கருப்புல வெள்ள கோடு. அப்பம் இந்த வயரு வழியில எங்கயாவது தண்ணி ஏறி எர்த்துக்கு கசிஞ்சா வண்டிக்கு அது சாவிய ஆஃப் பண்ணுன மாதிரித்தான். நம்ம செவப்பு கில் சுவிட்சுக்கும் நான் லைன் எடுத்தது இதே கருப்பு வெள்ளையில இருந்துதான், டேங்குக்கு அடியில முறுக்கி டேப்பு சுத்தி.

மொதல்ல மல்டிமீட்டர் வச்சு பாத்தேன். சாவி ஆன், சிடிஐ சாக்கெட்ட உருவிட்டு கருப்பு வெள்ளைக்கும் பிரேமுக்கும் நடுவுல ஓம் பாத்தா ஒண்ணும் காட்டல, நல்லதுன்னு அர்த்தம். ஆனா அது காஞ்ச சுவிட்சு. கில் சுவிட்சுல ரெண்டு தட்டு ஸ்ப்ரே அடிச்சேன், கொஞ்ச நேரத்துல நாப்பது கிலோ ஓம் சுத்தி ஆடுது. மீட்டர் குடுக்கிறது சின்ன வோல்ட்டு, எக்சைட்டர் காயில் தள்ளுறது நூறு எரநூறு வோல்ட்டு, அப்பம் வண்டி ஓடும்போது கசிவு இன்னும் மோசமாத்தான் இருக்கும். உறுதிப்படுத்த கருப்பு வெள்ளைய சிடிஐ பக்கத்துலயே பிரிச்சு தனியா விட்டு ஸ்டார்ட் பண்ணி சுவிட்சு மேல குப்பி பூரா அடிச்சேன், அசையல. திருப்பி மாட்டி அடிச்சேன், செத்துச்சு. இந்த சோதனைக்கு ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க, அந்த வயர பிரிச்சா சாவியில வண்டி அணையாது, நாலாவது கியர போட்டு பிரேக்க பிடிச்சு கிளட்ச விட்டுத்தான் அணைக்கணும். மொத தடவை நான் சாவிய திருப்பிட்டு வண்டி ஓடிகிட்டே இருக்கத பாத்து பேயறஞ்ச மாதிரி நிண்ணேன்.

சுவிட்ச பிரிச்சா உள்ள தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை கூட இல்ல, ரெண்டு செம்பு தகட்டுக்கும் நடுவுல பச்சையா களிம்பு பாலம் கட்டியிருக்கு. சவம், நூத்தி அம்பது ரூவா சாமானு. ஆனா அதவிட மோசம் நான் போட்ட ஜாயிண்டு. டேப்ப உரிச்சா பசை உருகி ஒழுகி, உள்ள செம்பு கருத்து போய், அமுக்குனா தண்ணி சொட்டுது! டேங்குக்கு அடியில மழ படாத எடத்துல தண்ணி எப்பிடி வந்துச்சு? ஹேண்டில்ல சுவிட்சுக்குள்ள ஏறுன தண்ணி வயரோட பிளாஸ்டிக்குக்கு உள்ள, செம்பு நூலுங்களுக்கு நடுவுல, திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி எறங்கி சரிவு வழியா வந்து ஜாயிண்டுல சேந்திருக்கு. தடி வழியா ஒலிச்சு சிரட்டைக்குள்ள. அப்பாகிட்ட காட்டுனேன், அவரு ஒண்ணும் சொல்லல, ஒரு மூளல் மூளுனாரு.

கில் சுவிட்ச தூக்கி எறிஞ்சேன், சாவி இருக்கும்போது அது எதுக்கு. ஜாயிண்ட பிரிச்சு கருத்த செம்ப வெட்டி எடுத்து சால்டர் வச்சு, சூடு பட்டா சுருங்குற, உள்ள பசை உள்ள ஹீட் ஸ்ரிங்க் குழாய போட்டு சூடாக்குனேன், பசை ரெண்டு பக்கமும் பிதுங்கி வந்தாத்தான் அடஞ்சுச்சுன்னு அர்த்தம். அப்புறம் எல்லா சாக்கெட்டையும் பாத்து, வயரு மேல இருந்து நேரா சாக்கெட்டுக்குள்ள எறங்குற எடத்துல எல்லாம் வயர ஒரு வளைவு கீழ தொங்க விட்டு அப்புறம் மேல ஏறி நொழையிற மாதிரி கேபிள் டை போட்டு கட்டுனேன். வயரு மேல ஒலிச்சு வாற தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிரும், சாக்கெட்டுக்கு ஏறாது. மேக்னட்டுல இருந்து வாற சாக்கெட்டு சைடு பேனல் இல்லாம வெட்டவெளியில கெடந்துச்சு, அதுலயும் கிரீஸு வச்சு சின்ன ஒரு ரப்பர் உறைய மாட்டுனேன். கடல் பக்கம் குளச்சல் முட்டம்னு ஓட்டுறவங்க இத வருசத்துக்கு ஒருக்காவாவது செய்யணும், உப்புக்காத்துல செம்பு பச்சையாவுறதுக்கு மழ கூட வேண்டாம்.

அக்டோபர் கடைசியில ரெண்டு நாளு விடாம கொட்டுச்சு. மொத நாளு திருவட்டார்ல இருந்து வடசேரி வர நிறுத்தாம போனேன், பார்வதிபுரம் பாலத்துக்கு அடியில தேங்கி கெடந்த தண்ணியிலயும் எறக்குனேன். ரெண்டாவது நாளு திரும்பி வரும்போது வேணும்னே அழகியமண்டபத்துல அதே கடை முன்ன நிறுத்தி, அணைக்காம ஐடிலிங்ல மழையில நனைய விட்டுட்டு ஒரு கட்டன் குடிச்சேன். கடைக்காரரு எட்டி பாத்து, "இன்னைக்கு நிக்கலயா?"ன்னு கேட்டாரு. நிக்கல.

மொத்த செலவு பாத்தா மெக்கானிக் அண்ணனுக்கு குடுத்த எண்ணூறு போவ, டேங்க் வாசரு, கேப்பு, டப்பா, வெல்டிங், உள் பிளாஸ்டிக், ஹீட் ஸ்ரிங்க், கிரீஸ் எல்லாம் சேத்து ஆயிரத்துக்கு கொஞ்சம் கூட. லாரி டியூபு சும்மா கெடச்சுச்சு. எல்இடி லைட்டுக்கு உள்ள மட்டும் இப்பமும் மழைக்கு தண்ணி ஏறி மீன் தொட்டி மாதிரி பாதி நெறஞ்சு நிக்குது, கண்ணாடிக்கு சுத்தி இருக்க பசைய சொரண்டி எடுத்து புதுசா ஒட்டணும், அடியில ஓட்டை போட்டா போதும்னு அப்பா சொல்லுகாரு. ஞாயித்துக்கிழமை பாக்கணும்.